பைபாஸ் வந்தது, ஊர் படுத்தது... ரூட் 66-ஐ மீட்ட சலூன்காரர்!

பிக்ஸாரின் ‘கார்ஸ்’ (2006) படம் உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமா இருக்கும். நெடுஞ்சாலை தள்ளிப் போனதால் ஈயோட்டுமே ஒரு பாலைவன ஊர், அது முழுக்கக் கற்பனை இல்லை.

அமெரிக்காவில் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைக்க 1926-ல் உருவானது ரூட் 66. அரிசோனா மாநிலத்தின் செலிக்மேன், அந்தச் சாலையை நம்பிப் பிழைத்த ஊர். 1978 செப்டம்பரில் ஐ-40 நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே திறக்கப்பட்டது. அவ்வளவுதான், கடைவாசலில் ஓடிய வண்டிகள் மாயம். 1985-ல் ரூட் 66 அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்தே தூக்கப்பட்டது.

அங்கே சலூன் வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ சும்மா இருக்கவில்லை. 1987-ல் ஆட்களைத் திரட்டிச் சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு, பழைய சாலையை ‘வரலாற்றுச் சாலை’ என மாநிலம் அறிவித்தது. ‘கார்ஸ்’ படக்குழு கதை கேட்டுப் போனதும் இவரிடம்தான்.

குடும்பத்தோடு போகிறீர்களா? செலிக்மேனிலிருந்து கிங்மேன் வரை பழைய சாலையில் சுமார் 140 கி.மீ. ஐ-40-ல் தூரம் குறைவு, ஆனா இந்த ஊர்கள் எதுவும் கண்ணில் படாது. கிங்மேன் தாண்டினால் சிட்கிரீவ்ஸ் கணவாய். கொண்டை ஊசி வளைவுகள் என்பதால் 40 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியில்லை. இறங்கியதும் ஓட்மேன். தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் நடுத்தெருவில் உலாவும். பிள்ளைகளை மறுபடி வண்டியில் ஏற்றுவதுதான் கஷ்டம்!

கோடையில் வெயில் 40 டிகிரி தாண்டும். தண்ணீர், பெட்ரோல் ரெண்டையும் கிங்மேனிலேயே நிரப்பிக்கோங்க.