கரிசல் வளர்த்த நான்கு இனங்கள்

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையில் வியாபாரியின் கை முதலில் போவது பல்லுக்கும் முதுகுச் சதைக்கும்தான். நிறத்தையும் காதையும் நின்று பார்ப்பவருக்கு இந்த மண்ணின் செல்வம் தெரியும். தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரக் கரிசலில் இரண்டு செம்மறி, இரண்டு வெள்ளாடு என நான்கு தனி இனங்கள் வளர்கின்றன.

வேம்பூர் செம்மறிக்கு வெள்ளை உடம்பில் அங்கங்கே செந்திட்டுகள், நெட்டைக் கால்கள், தொங்கும் காதுகள். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. கீழக்கரிசல் ஆடு அடர்பழுப்பு. தலையிலும் வயிற்றிலும் கால்களிலும் கறுப்பு ஓடும். கழுத்தடியில் இரண்டு சதைத் தொங்கல்கள். இரண்டுக்கும் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். தரிசு தரிசாக வெயிலில் நடந்து மேயும் ஆட்டுக்குக் கம்பளி எதற்கு? குளிரும் நீலகிரியில்தான் மெல்லிய கம்பளி தரும் செம்மறி உருவானது.

வெள்ளாட்டில் கன்னி ஆட்டின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கறுத்த முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு கோடுகள் இறங்கும். கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. அடிவயிற்றிலும் கால்களிலும் அதே நிறம். இரட்டைக் குட்டி போடுவது இதற்குச் சகஜம். கொடி ஆடு உயர்ந்து மெலிந்தது. வெள்ளையில் கறுப்பு தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்பு தெளித்திருந்தால் செம்போரை.

இந்த அடையாளங்கள் இப்போது கலைகின்றன. எடை கூடும் என்று வெளியூர் இனக் கிடாவைச் சேர்க்கிறார்கள். குட்டி பெருத்துப் பிறக்கும், உண்மைதான். பெருத்த உடம்புக்குக் கோடைத் தரிசில் தீனி எங்கே? கீழக்கரிசல் ஏற்கெனவே அருகிவிட்டது.

இன்னொரு கேடு நம் கையாலேயே நடக்கிறது. நன்றாகத் தேறிய கிடாக்குட்டியை நல்ல விலைக்கு முதலில் விற்றுவிட்டு, தேறாததைப் பொலிக்கு நிறுத்துகிறோம். ஏறத்தாழ முப்பது பெட்டைக்கு ஒரு கிடா என்பது கணக்கு. அந்த ஆண்டின் குட்டிகள் அத்தனைக்கும் பாதிக் குணம் அந்த ஒற்றைக் கிடா கொடுப்பது. ஆகவே மந்தையில் முதல் தரமான கிடாக்குட்டியை விற்காமல் நிறுத்துங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடுத்த ஊர்க்காரரோடு கிடா மாற்றிக்கொள்ளுங்கள், நெருங்கிய இரத்தம் கலக்காது. அரசு தரும் ஆடுகளும் அந்தந்த மாவட்டத்து இனமாகவே இருக்கட்டும்.