நடந்தும் குறையாத எடை



பொழுது விடியுமுன், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழும்பி, குடங்களை நிரப்பி வைத்துவிட்டு அரைமணி நேரம் நடந்து வருகிறீர்கள். வடாலாவிலிருந்து மாட்டுங்கா பக்கமாகப் போய் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றி வருகிறவர்களில் நீங்களும் ஒருவராயிருக்கலாம். இராச்சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தியாக்கினீர்கள். வீட்டுத் தேநீரில் சர்க்கரையை விட்டீர்கள். முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது, அடுத்த மாதம் ஒரு கிலோ. அதன்பின் மருந்துக் கடையிலுள்ள எடை இயந்திரம் மூன்று மாதமாக ஒரே எண்ணையே காட்டுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, "என்ன அக்கா, தினமும் நடக்கிறதாகச் சொன்னீர்களே, ஒன்றும் குறைந்தமாதிரி தெரியவில்லையே?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறார். மறுநாள் காலை செருப்பை மாட்ட மனம் வரவில்லை.

நடையை நிறுத்துமுன் தயவுசெய்து இந்தப் பக்கங்களை வாசித்துவிடுங்கள். எடை இறங்காததற்குப் பெருந்தீனியும் சோம்பலுமே காரணம் என்று பிறர் எண்ணுகிறார்கள். நாளடைவில் நாமும் அப்படியே எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் சரீரத்தின் கணக்கு வேறு.

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 36 வாலிபர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாமல் யுத்தத்துக்குப் போக மறுத்து, அதற்கு ஈடாக வேறு சேவை செய்ய முன்வந்தவர்கள். பலர் மெனொனைட், குவேக்கர் போன்ற சமாதானச் சபைகளைச் சேர்ந்தவர்கள். யுத்தத்தால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை மீட்டெடுப்பது எப்படி என்று அறிவதற்காக, தாங்களே பட்டினி கிடக்கச் சம்மதித்தார்கள். டாக்டர் ஆன்சல் கீஸ் என்பவர் இந்த ஆராய்ச்சியை நடத்தினார். 24 வாரங்கள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி உணவு; வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. கவனியுங்கள், நம்மில் அநேகர் எடை குறைக்க மேற்கொள்ளும் முறையும் ஏறத்தாழ இதுதான்!

அவர்கள் எடையில் கால்பங்கு குறைந்தது உண்மை. ஆனால் குறைந்த வேகம் ஒரே சீராயில்லை. ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கிய எடை, போகப் போகத் தயங்கியது. சும்மா படுத்திருக்கும்போது சரீரம் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்துபோயிற்று. நாடித்துடிப்பு மந்தமாயிற்று. கோடையிலும் குளிர்ந்தது. படித்த, கட்டுப்பாடுள்ள, விசுவாசத்துக்காகச் சிறைக்கும் அஞ்சாத அந்த வாலிபர்கள் இரவும் பகலும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வாசித்தார்கள். அவர்களைப் பெருந்தீனிக்காரர் என்று யார் சொல்லக்கூடும்? வருமானம் குறைந்த வீட்டில் தாயானவள் செலவைச் சுருக்குவதுபோல, உணவு குறையும்போது சரீரமும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியையும் கூட்டிவிடுகிறது.

அண்மைக் காலத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எடைகுறைப்புப் போட்டியாக நடந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பங்குபெற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த முடிவு 2016இல் வெளிவந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் சரீரம், அந்த எடைக்குச் செலவிடவேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. எனினும், குறைந்த எடையைப் பெரும்பாலும் காத்துக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தபோது, சரீர உழைப்பை விடாதவர்களே அவர்கள் என்று தெரிந்தது.

இதைச் சொல்லும்போதே கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். "நான் எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறைவதில்லை" என்று சொன்ன பத்துப் பேரை நியூயார்க் மருத்துவர்கள் நுட்பமாய்ச் சோதித்து, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்ன அளவு உண்மையைவிட 47 சதவீதம் குறைவு; உழைத்ததாகச் சொன்னதோ 51 சதவீதம் அதிகம். அவர்கள் பொய்யர்கள் அல்ல. மனுஷ ஞாபகம் அப்படிப்பட்டது.

நம் வீட்டுக் கணக்கையே பார்ப்போமா? 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 110 கலோரி. ரயிலேறுமுன் வாங்கும் ஒரு வடா பாவில் சுமார் 300 கலோரி உண்டு. வீட்டில் சர்க்கரையை நிறுத்தினோம், சரி. வேலை செய்யும் இடத்தில் வரும் கட்டிங் சாயில் இரண்டு கரண்டி சர்க்கரை இருக்கிறதே! அப்படி நான்கு குடித்தால், சர்க்கரையினால் மாத்திரம் 160 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாள்தோறும் 270 கலோரி எண்ணெயாகவே உள்ளே போகிறது. இரண்டு நாள் நடையைவிட அதிகம். சப்பாத்தி எத்தனை என்று எண்ணுகிறோம், எண்ணெய் பாட்டிலை எண்ணுகிறவர் அபூர்வம். மாதம் ஒரு லிட்டரைக் குறைத்துப் பாருங்கள் என்று சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம்; ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

இப்போது, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசற்படியில் நின்ற, அதாவது இரத்தத்தில் சர்க்கரை சற்றே கூடியிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு சாராருக்குத் தினமும் அரைமணி நேர வேகநடை, இனிப்பும் கொழுப்பும் குறைத்த உணவு; வேறு சிலருக்கு மாத்திரை. மூன்று ஆண்டுகளில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்தவர்களிலோ 39 பேருக்கே வந்தது.

நடந்தவர்களின் எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி குறையவில்லை! எடை இயந்திரத்தில் ஏறி இறங்கி, "பிரயாசமெல்லாம் வீண்" என்று அவர்கள் நிறுத்தியிருந்தால், நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பியிருக்கமாட்டார்கள். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. எடை மாறாதிருக்கும்போதே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு குறையக்கூடும். இவற்றை எடை இயந்திரம் காட்டுவதில்லை.

நம் தேசத்தாருக்கு இது மிகவும் பொருந்தும். புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யூட்கினும் அருகருகே நிற்கும் ஒரு புகைப்படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் யூட்கினின் சரீரத்தில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் சரீரத்தில் 21.2 சதவீதம்! பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருக்கக்கூடியவர்கள் நாம்.

ஆகையால் தையல்காரரின் அளவு நாடா ஒன்றை வாங்குங்கள். மூச்சை இயல்பாய் வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளவெடுங்கள். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது. இந்தியருக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. மாதம் ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். எடை நின்றுபோயும் நாடா ஒரு விரற்கடை இறுகினால், உங்கள் நடை வேலை செய்கிறது.

தட்டையும் சற்றுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வின்படி (2025), நாம் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்திலிருந்தே வருகிறது; புரதமோ குறைவு. புரதமில்லாமல் அளவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மத்தி மீன் இவற்றில் ஒன்றை வையுங்கள். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியவர்கள் லிஃப்டை விட்டு இரண்டு மாடியாவது ஏறலாம். முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் பத்துமுறை உட்கார்ந்து எழும்பலாம். அதுவும் தசைக்கு நல்ல வேலை.

உபவாசத்தைப்பற்றி ஒரு வார்த்தை. உபவாசம் ஜெபத்துக்கானது, எடை குறைக்கும் உபாயமாக அதை ஆக்கவேண்டாம். பகலெல்லாம் வெறும் வயிற்றோடிருந்து மாலையில் பிரியாணியோடு முடித்தால் சரீரத்துக்கு லாபமொன்றுமில்லை. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேளாமல் உபவாசிப்பது ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

முயன்றும் பலனில்லாதபோது, மருத்துவரைப் பார்க்க வெட்கப்படாதீர்கள். மும்பையும் சென்னையும் உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது. அதற்கு இரத்தப் பரிசோதனை போதும். மாதவிடாய் ஒழுங்கில்லாத சகோதரிகள் சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். ஸ்டீராய்டும், மனநலத்துக்கான சில மருந்துகளும்கூட எடையை ஏற்றும். அதற்காக நீங்களாகவே அவற்றை நிறுத்திவிடாதீர்கள். 2025இல் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ, வெகோவி ஊசிகளைப்பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அவை பசியை அடக்கி எடையைக் குறைப்பது மெய். நிறுத்தினால் பெரும்பங்கு திரும்பி வருவதும் மெய். மருத்துவரின் மேற்பார்வையின்றி அவற்றைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டார் விற்கும் பெயர் தெரியாத பொடிகளைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக, படிக்கட்டில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரிக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு அவர்களைக் காணும்போது, எடையைக் கேளாமல், "அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள்.