பழைய விரைவுக் காரின் குறும்புகள்

இங்கிலாந்தில் ஒரு நகரம். நீங்கள் படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்து, சேமித்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1983-இல் செய்யப்பட்ட வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. சிறிய உடல், பெரிய பின்கதவு, முன்முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. பார்க்க அழகுதான். ஆனால் முதல் வாரத்திலேயே உங்கள் குறிப்பேட்டில் நான்கு கேள்விகள் ஏறிவிடுகின்றன.

காலையில் உடனே கிளம்பும் வண்டி, கடைக்குப் போய் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்ப மறுக்கிறது. பிரேக்கை மிதித்தால் கல்போல் இல்லாமல் பஞ்சுபோல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது, பின்னால் வந்த நண்பர், "உன் வண்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதே!" என்கிறார். சில நாள்களில் லேசாகப் பெட்ரோல் நாற்றமும் வருகிறது.

விற்றவரிடம் கேட்டால், "அது அப்படித்தான். பழைய வண்டியின் குணம்" என்று சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொன்னது பாதி உண்மை. இந்த நான்கில் சில, பிறக்கும்போதே வண்டியோடு வந்த குணங்கள். சில, வயதால் வந்த குறைகள். அவற்றுள் ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைக்கக்கூடியவை. எது குணம், எது குறை என்று பிரித்தறிய, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும். எப்படி என்று பார்ப்போமா?

வண்டியின் பிறப்பு

கோல்ஃப் கார் 1974-இல் வெளிவந்தது. இதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ. குடும்பத்துக்கு ஏற்ற எளிய வண்டி அது. அதன் சிறிய எஞ்சினின் திறன் 50 குதிரைத்திறன்தான். அதே உடலில் வலுவான எஞ்சினைப் பொருத்தினால் என்ன என்று சில பொறியாளர்கள் எண்ணினார்கள். அவ்வாறு உருவான ஜி.டி.ஐ. 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1976-இல் விற்பனைக்கு வந்தது. 5,000 வண்டிகள் செய்தால் போதும் என்று முதலில் திட்டமிட்டார்கள். ஆனால் முதல் தலைமுறையில் மட்டுமே நான்கரை லட்சத்துக்கும் மேல் செய்யவேண்டியதாயிற்று.

முதலில் 110 குதிரைத்திறன். 1982-இல் வந்த 1,781 கன செ.மீ. எஞ்சினில் 112. வண்டியின் எடையோ சுமார் 840 கிலோகிராம். எடை குறைவாகவும் திறன் மிகுதியாகவும் இருந்தால் முடுக்கம் கூடும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. ஐரோப்பாவில் "சூடான ஹேட்ச்பேக்" என்று செல்லமாக அழைக்கப்படும் கார்களுக்கெல்லாம் இந்த விதிதான் அடிப்படை.

சூடாக இருக்கும்போது ஏன் கிளம்புவதில்லை?

இந்தக் காரில் கார்புரேட்டர் இல்லை. பின்புறம் உள்ள மின்பம்பு, பெட்ரோலை வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தத்தில் முன்னே தள்ளுகிறது. நான்கு சிறு பீச்சுமுனைகள் அதை இடைவிடாமல் தெளிக்கின்றன. போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்னும் முறை இது. "கே" என்பது தொடர்ச்சியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து.

ஓடும் வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்க நீரும் காற்றும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பில் தேங்கிய வெப்பம் உடனே போய்விடுமா? அது மெல்ல வெளியேறி, மூடிக்குள் இருக்கும் குழாய்களைச் சூடாக்குகிறது. ஆகவே, நிறுத்திய பிறகு சிறிது நேரத்துக்குக் குழாய்களின் வெப்பநிலை குறைவதற்குப் பதில் கூடுகிறது!

பெட்ரோல் ஒற்றைப் பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அப்படியானால் சூடான குழாயில் பெட்ரோல் கொதிக்காமல் இருப்பது எப்படி? வீட்டில் உள்ள பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அதனுள் அழுத்தம் கூடுவதால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரிவரை தாக்குப்பிடிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும்.

இதே தத்துவத்தைத்தான் பொறியாளர்கள் பயன்படுத்தினார்கள். பம்பின் அருகே ஒரு சிறு உலோகக் குடுவை இருக்கும். அதனுள் ஒரு சவ்வும் சுருள்வில்லும் உண்டு. எஞ்சின் நின்ற பிறகும் இந்த வில் பெட்ரோலை அழுத்திக்கொண்டே இருந்து, குழாயில் அழுத்தம் விழாமல் காக்கிறது. பெட்ரோல் பின்னோக்கி ஓடாமல் பம்பில் ஒருவழி வால்வு ஒன்றும் இருக்கிறது.

நாற்பது ஆண்டுகளில் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது வால்வு கசிந்திருக்கலாம். அப்போது அழுத்தம் விழுகிறது; கொதிநிலையும் விழுகிறது; குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவிக்குமிழ்கள் நிறைகின்றன. பீச்சுமுனைக்குப் பெட்ரோலுக்குப் பதில் ஆவி போகிறது. எஞ்சின் எப்படிக் கிளம்பும்?

நிறுத்திய ஒரு நிமிடத்தில் கிளப்பினால் கிளம்புகிறது. குழாய் இன்னும் சூடேறவில்லை. ஐந்து மணி நேரம் கழித்தும் கிளம்புகிறது. எல்லாம் ஆறி, ஆவி மீண்டும் திரவமாகிவிட்டது. அரைமணியில் மட்டும் தகராறு. இந்த நேரக்கணக்கே நோயைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே இது குணம் அன்று, குறை. அழுத்தமானியை மாட்டிப் பார்த்து, கெட்ட உறுப்பை மாற்றினால் தீர்ந்துவிடும்.

பிரேக் ஏன் பஞ்சுபோல் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று தீங்கற்றது, மற்றொன்று கொடியது.

முதலில் தீங்கற்ற விடை. கோல்ஃப் ஜெர்மனியில் பிறந்த வண்டி. அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் வெற்றிடத் துணைக்கருவியும் இடப்பக்கமே இருந்தது. பிரிட்டனில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வார். மிதியை வலப்பக்கம் மாற்றிய பொறியாளர்கள், துணைக்கருவியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இரண்டையும் ஒரு நீண்ட குறுக்குத் தண்டால் இணைத்தார்கள். நீங்கள் வலப்பக்கம் மிதிக்கும் விசை, வண்டியின் குறுக்கே பயணம் செய்து இடப்பக்கம் போய்ச் சேரவேண்டும். தண்டு சற்று முறுங்கும். மூட்டுகள் சற்று நெகிழும். அதனால் மிதி மென்மையாகத் தெரிகிறது. புதிதாக இருந்தபோதே பிரிட்டனில் இந்த வண்டியைப் பற்றிச் சொல்லப்பட்ட குறை இது. இதைப் பிறவிக் குணம் எனலாம்.

இனிக் கொடிய விடை. மிதியின் விசையைச் சக்கரத்துக்கு எடுத்துச் செல்வது ஒரு திரவம். இதைப் பிரேக் எண்ணெய் என்கிறோமே தவிர, உண்மையில் அது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகவே ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போகும். பாஸ்கல் விதி என்று படித்திருப்பீர்கள்.

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றில் நீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பின்புறம் அழுத்திப் பாருங்கள். அசையாது. ஒரு காற்றுக்குமிழை உள்ளே விட்டு அழுத்துங்கள். உள்ளே போகும்! குமிழ் சுருங்கிக் கொடுப்பதால், நீர் முன்போல் அழுத்தம் பெறுவதில்லை.

பிரேக் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மழைக்காலத்து உப்பைப்போல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டாலோ, அது 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்று அதே விதி ஏற்றுக்கொள்கிறது. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத நீர் இவ்வளவு வேறுபாட்டைச் செய்கிறது.

நீண்ட மலையிறக்கத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் போடுகிறீர்கள். உராய்வால் தட்டுகள் கொதிக்கின்றன. ஈரம் சேர்ந்த திரவம் ஆவியாகிக் குமிழ்விடுகிறது. அடுத்த வளைவில் மிதித்தால் கால் தரைவரை போகிறது; வண்டி நிற்கவில்லை! முன்னே சொன்ன பெட்ரோலின் கதைதான் இதுவும். அங்கே ஆவி வந்தால் கடைவாசலில் காத்திருக்கவேண்டும். இங்கே ஆவி வந்தால் உயிர் போகும்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மென்மையாக இருந்தாலும் ஒரே இடத்தில் நின்றால், குறுக்குத் தண்டின் நெகிழ்வாக இருக்கலாம். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு மிதித்தபின் கெட்டிப்பட்டால் காற்று புகுந்திருக்கக்கூடும். ஈரத்தையோ இந்தச் சோதனை காட்டாது. ஆகவே பழைய வண்டி வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, திரவத்தை முழுவதும் மாற்றுவது; பின்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பது.

ஒரு காலைத் தூக்குவது ஏன்?

வேகமாக வளையும்போது இந்தக் காரின் உட்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும். விளக்குக் கம்பத்தருகே நிற்கும் நாயைப்போல் இருக்கும் இந்தக் காட்சி! பார்ப்பவர்கள் பதறினாலும், இது குணம்தான்.

இந்தக் காரை இழுப்பவை முன்சக்கரங்கள். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். உட்பக்கச் சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறையும். முன்பக்கத்து உட்சக்கரம் பாரம் இழந்தால் வீணாகச் சுழலும். எஞ்சினின் திறன் பயன்படாது. அதைத் தடுக்க, சாய்வைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கைப் பின்னச்சுக்குக் கொடுத்தார்கள். அங்கே விறைப்பை மிகுதியாக்கினார்கள். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைப் பற்றியிருக்க, பின்சக்கரம் ஒன்று காற்றில் எழுகிறது.

ஆனால் இந்தக் குணத்தோடு ஓர் ஆபத்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு வண்டியின் எடை 900 கிலோகிராம். அதில் 340 கிலோகிராம் பின்சக்கரங்களின் மேல் என்று வைத்துக்கொள்வோம். அச்சுகளுக்கிடையே தூரம் 2.4 மீட்டர். ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர் எனக் கொள்வோம். வளைவின் நடுவே வேகத்தைக் கண்டு பயந்து, முடுக்கு மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வண்டி வேகம் இழந்தால், முன்பக்கம் மாறும் பாரம் 900-ஐ 0.2-ஆலும் 0.5-ஆலும் பெருக்கி 2.4-ஆல் வகுத்தால் கிடைக்கும். ஏறக்குறைய 38 கிலோகிராம். பின்பக்கத்துப் பாரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. பயத்தில் பிரேக்கையும் அழுத்தி, வேக இழப்பு நான்கு மடங்கானால், 150 கிலோகிராம் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 190 மட்டுமே.

டயரின் பிடிப்பு அதன்மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. பின்னால் ஒரு சக்கரம் முன்பே காற்றில் இருக்கிறது. மீதியுள்ள ஒன்றின் பிடிப்பும் குறைந்தால், வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசும். ஈரச்சாலையில் வண்டியே சுழன்றுவிடும். பயந்தவுடன் காலை எடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பே இங்கே எதிரியாகிறது. இந்த வகைக் கார்களை ஓட்டிப் பழகியவர்கள் வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே குறைத்துக்கொள்வார்கள். வளைவுக்குள் கால் நிதானமாக இருக்கும்.

டயரும் பெட்ரோல் குழாயும்

பிடிப்பைப் பற்றிப் பேசும்போது டயரை விட்டுவிட முடியாது. பழைய விரைவுக் கார்கள் பெரும்பாலும் கொட்டகையிலேயே நிற்கும். டயரின் வரிகள் தேயாமல் புதிதுபோல் இருக்கும். அதைக் கண்டு ஏமாறக்கூடாது. ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைத் தாக்கி, அதைக் கெட்டியாக்கி வெடிக்கச் செய்கின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. தேய்மானத்தோடு வயதையும் பார்க்கவேண்டும்.

ரப்பருக்கு இன்னொரு சோதனையும் வந்திருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல், சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். 1983-இல் செய்த ரப்பர்க் குழாய்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊதிப் பிளந்துவிடுகின்றன. இந்தக் காரின் எரிபொருள் ஐந்து மடங்கு அழுத்தத்தில் ஓடுகிறது என்று பார்த்தோம். சிறு வெடிப்பிலிருந்தும் அது புகைபோல் பீச்சியடிக்கும். பக்கத்திலேயே சூடான வெளியேற்றுக் குழாய். ஆகவே பெட்ரோல் நாற்றம் ஒருபோதும் குணம் ஆகாது. எஞ்சினை உடனே நிறுத்தி, குழாயை மாற்றியபின்பே வண்டியை எடுக்கவேண்டும். எத்தனால் 5 விழுக்காட்டுக்கு மிகாத உயர்வகைப் பெட்ரோலும் அங்கே கிடைக்கிறது. பழைய வண்டிக்கு அதுவே ஏற்றது.

இனி உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, நான்கு கேள்விகளுக்கும் எதிரே விடையை எழுதுங்கள். சூட்டில் கிளம்பாதது: குறை; அவசரமில்லை. காலைத் தூக்குவது: குணம், பழகிக்கொள்ளவேண்டும். பெட்ரோல் நாற்றம்: குறை, இன்றே திருத்தவேண்டும். பஞ்சு பிரேக்: குணமாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம், சோதித்து அறியும்வரை குறை என்றே கொள்ளவேண்டும்.

அடுத்த முறை எந்தப் பழைய இயந்திரத்தைப் பற்றியாவது யாரேனும் "அது அப்படித்தான்" என்று சொன்னால், "ஏன் அப்படி?" என்று கேட்டுப் பாருங்கள்.