சொகுசா, வேகமா? பாய்மரப் படகு வாங்கும் முன் ஒரு கணக்கு

வேலையை விட்டுட்டு பாய்மரப் படகில் கிளம்பிய ஜோடிகளின் வீடியோக்கள் உங்கள் யூடியூப் ஃபீடிலும் வந்திருக்கும். டெக்கில் காபி, பின்னால் ஒரு தீவு, சூரிய அஸ்தமனம். அந்த வீடியோவில் வராத ஒரு விவாதம் படகு வாங்கும் முன்பே நடந்திருக்கும். வீடு மாதிரி வசதியான ‘க்ரூஸர்’ வாங்குறதா, வார இறுதியில் ரேஸும் ஓட்டக்கூடிய ‘ரேஸர்-க்ரூஸர்’ வாங்குறதா?

பிரான்ஸின் பெனெட்டோ நிறுவனம் இரண்டையும் விற்கிறது. அதன் ஓஷியானிஸ் 38.1 க்ரூஸர், ஃபர்ஸ்ட் 36 ரேஸர்-க்ரூஸர். இரண்டின் நீளமும் 11 மீட்டரை ஒட்டித்தான். ஆனால் முதலாவது சுமார் 6.8 டன், இரண்டாவது 4.8 டன். கிட்டத்தட்ட எல்லா வித்தியாசமும் இந்த 2 டன்னில் இருந்துதான் ஆரம்பிக்குது.

எவ்வளவு வேகம்?

சாதாரணமாக ஒரு படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போடும். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். 34 அடிக்கு ஏறக்குறைய 7.8 நாட்ஸ், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர் சொச்சம். நல்ல காற்று பின்னாலிருந்து அடித்தால் இலகுவான படகு அலை மேல் சறுக்கி இந்த எல்லையைத் தாண்டும். கனமான படகுக்கு அது கஷ்டம்.

சரி, அதனால எத்தனை நாள் மிச்சம்? ஸ்பெயினின் கேனரி தீவுகளில் இருந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியாவுக்கு, ‘ஏஆர்சி’ என்ற கூட்டுப் பயணம் 1990 முதல் நடக்கிறது. தூரம் சுமார் 2,700 கடல் மைல். சராசரி 6 நாட்ஸில் போனால் 19 நாட்கள். 7 நாட்ஸில் 16 நாட்கள். அட்லாண்டிக்கையே கடந்தும் மிச்சம் மூன்று நாள்தான்!

அதுவும் படகு காலியாக இருந்தால். தண்ணீர், டீசல், சாப்பாடு, நங்கூரச் சங்கிலி, உதிரி பாகம் என்று ஒரு டன் ஏற்றினால் ஃபர்ஸ்ட் 36-இன் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடும். ஓஷியானிஸில் 15 சதவீதம்தான். வேகத்துக்காகக் கூடுதலாகச் செலவு செய்து வாங்கிய படகு, குடித்தனம் ஏறியதும் வேகத்தை இழக்கும். ஷோரூமில் இதை யாரும் முதலில் சொல்ல மாட்டாங்க.

அப்போ ரேஸர்-க்ரூஸர் வேஸ்ட்டா?

இல்லை. கோடைகால மத்தியதரைக் கடலில் பல நாட்கள் காற்று மெதுவாகத்தான் வீசும். 8 நாட்ஸ் காற்றில் க்ரூஸர்காரர் இன்ஜினைப் போட்டுவிடுவார். இலகுவான படகு சத்தமில்லாமல் பாயிலேயே போகும். காற்றுக்கு எதிர்த்திசையிலும் அது நன்றாக ஏறும். பாறைக்கரை பக்கம் காற்று தள்ளும்போது இது சொகுசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

ஆனா அதே எதிர்க்காற்றில் தட்டையான அடிப்பாகம் ஒவ்வொரு அலையிலும் ‘தொப்’பென்று மோதும். உள்ளே சமைக்க முடியாது, தூங்க முடியாது. இரண்டு பேர் மட்டும் மாறி மாறிக் காவல் இருக்கும் பயணத்தில், தூக்கம் கெட்டவர்தான் தப்பு முடிவு எடுப்பார். ரேஸில் எட்டுப் பேர் ஓரத்தில் உட்கார்ந்து படகைச் சமன் செய்வார்கள். ஜோடியாகப் போகிறவர்களுக்கு அந்த எட்டுப் பேர் எங்கே? பாயைச் சுருக்கத்தான் வேண்டும், வேகமும் குறையும்.

ஆழமும் பிரச்சினை. ஃபர்ஸ்ட் 36-இன் கீல், அதாவது அடியில் நீளும் எடைப்பகுதி, 2.25 மீட்டர் இறங்கும். பஹாமாஸ் மாதிரி ஆழமில்லாத இடங்களில், வீடியோவில் பார்த்த அந்த அழகான கரைப்பக்கம் போகவே முடியாது.

பாதுகாப்பு?

1979 ஆகஸ்ட்டில் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் ரேஸில் 303 படகுகள் கிளம்பின. புயலில் பந்தயத்தில் இருந்த 15 பேர் இறந்தனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் ரேஸை முடித்தது ஒன்றே ஒன்று: காண்டெஸா 32 ரகத்தைச் சேர்ந்த ‘அசென்ட்’. குறுகலான உடல், கனமான கீல். அகலமான படகு நிமிர்ந்திருக்கும்போது ஸ்திரமாக நிற்கும். தலைகீழாகிவிட்டால் அப்படியே ஸ்திரமாகக் கிடக்கவும் அந்த அகலமே காரணமாகும்.

இதில் ஒரு சிக்கல். இன்றைய க்ரூஸர்களும் அகலமானவைதான், பெரிய பெட்ரூமுக்காக. அதனால் ‘க்ரூஸர்னா சேஃப்’ என்று நம்பி வாங்கக் கூடாது. எத்தனை டிகிரி சாய்ந்தாலும் படகு தானாக நிமிரும் என்று விற்பவரிடம் கேளுங்கள். காண்டெஸா 32-க்கு அது 150 டிகிரிக்கும் மேல்.

வருஷத்தில் பாதி நாள் படகிலேயே வாழப் போகிறவர்களுக்கு என் ஓட்டு க்ரூஸருக்குத்தான். கிளப்பில் ரேஸ் ஓட்டி, லீவில் மட்டும் ஊர் சுற்றுபவர்கள் ரேஸர்-க்ரூஸர் பக்கம் போகலாம். இன்னும் குழப்பமா? கிரீஸ், குரோஷியாவில் படகுகள் வாரக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். எடுத்தால், காற்று எதிர்த்து அடிக்கும் ஒரு நாளில் கிளம்பி, உள்ளே போய் ஒரு டீ போட்டுப் பாருங்க.