வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

(பத்தாம் வகுப்பு மாணவி)



சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டியை மருத்துவப் பரிசோதனைக்காக வேலூருக்கு அழைத்துச் சென்றோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வந்த அப்பா, தூக்கம் கலையாத கண்களோடு எங்களுடன் கிளம்பினார். திருவள்ளூரில் ரயில் ஏறி, அரக்கோணம் கடந்து, காட்பாடியில் இறங்கினோம். அங்கே பாட்டியைப் பரிசோதித்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். பாட்டி எதையும் மறைக்காமல், கூச்சமில்லாமல் அவரிடம் பேசியதைக் கண்டு எனக்கே வியப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பாட்டி சொன்னார்: "என் தம்பியைப் பெறும்போதுதான் எங்கம்மா செத்துப்போனாங்க. ஆம்பளை டாக்டர்தான் இருக்காருன்னு பெரியவங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவே விடல. அன்னைக்கு இந்த மாதிரி ஒரு பொண்ணு இருந்திருந்தா..." பாட்டி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளி திறந்ததும் நூலகச் சகோதரியிடம் இதைச் சொன்னேன். அவர் புன்னகையுடன், "அந்த மருத்துவமனை உண்டான கதையே அதுதானம்மா" என்றார். அவர் சொல்லக் கேட்டதையும் நான் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வேண்டாம் என்ற சிறுமி

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வந்து இலங்கையிலும் தமிழகத்திலும் பணியாற்றிய மருத்துவர். தந்தையும் வட ஆற்காட்டுப் பகுதியில் மருத்துவத் தொண்டு புரிந்தவர். சகோதரர்களிடையே ஒரே பெண்ணாக வளர்ந்தார் ஐடா.

அவர் குழந்தையாக இருந்தபோதுதான் 1876 முதல் 1878 வரை கொடிய தாது வருடப் பஞ்சம் நம் நாட்டை வாட்டியது. பசியால் துவண்ட குழந்தைகளுக்குத் தம் சின்னக் கைகளால் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தார் ஐடா. அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பின்னர் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் அவரை விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். தாயைப் பிரிந்த துயரம் வேறு. ஆகவே, "இந்தியாவும் வேண்டாம், மிஷன் வேலையும் வேண்டாம்" என்று உறுதி செய்துகொண்டார். நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் படித்தபோது குறும்புக்காரப் பெண் என்று பெயர் எடுத்தார். படிப்பு முடிந்ததும் அமெரிக்காவிலேயே நல்வாழ்வு அமைத்துக்கொள்வதே அவர் கனவு. 'தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்' என்பார்களே, அதுதான் நடந்தது.

மூன்று முறை தட்டிய கதவு

தாய் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு 1890-ஆம் ஆண்டு ஐடா இந்தியா வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். சில காலம் தாய்க்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

ஓர் இரவு ஐடா விளக்கருகே அமர்ந்திருந்தபோது வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். அவர் பிராமணர். தம் இளம் மனைவி பேறுகாலத்தில் உயிருக்குப் போராடுவதாகக் கூறி, உடனே வரும்படி ஐடாவை வேண்டினார். "எனக்கு மருத்துவம் தெரியாது. என் தந்தை மருத்துவர். அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கமில்லை என்று கூறி அவர் திரும்பிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக முதலியார் குலத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, அவரும் அவ்வாறே திரும்பிச் சென்றார்.

மூவரும் வெவ்வேறு சமயத்தவர், சமூகத்தவர். ஆனால் பூட்டு ஒன்றே. கைதேர்ந்த மருத்துவர் ஒருவர் அதே வீட்டில் இருந்தார், மருந்தும் இருந்தது. ஒரு பெண் மருத்துவர் மட்டுமே இல்லை.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவுமேளம் கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டிருந்தனர்! அறைக்குள் சென்று நெடுநேரம் இறைவனிடம் மன்றாடினார் ஐடா. வெளியே வந்ததும், "நான் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, இந்தியப் பெண்களுக்குத் தொண்டு செய்யத் திரும்பி வருவேன்" என்று பெற்றோரிடம் கூறினார்.

பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது நமக்குப் பெருமைதான். ஆயினும் பட்டணத்தில் இருந்த ஒரு சிலர், திண்டிவனத்திலும் குடியாத்தத்திலும் தவிக்கும் தாயருக்கு எப்படி எட்டுவர்?

ஒரு கட்டிலில் தொடங்கிய பணி

ஐடா முதலில் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும், பின்பு கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரியின் முதல் அணியில் அவரும் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் வேண்டுமே! நியூயார்க் நகரில் ஓர் அம்மையாரிடம் ஐடா தம் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஷெல் என்னும் வங்கி அதிபர். மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அந்த நன்கொடையுடன், தோழி ஆனி ஹான்காக் துணைவர, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

வந்த சில மாதங்களில் தந்தை காலமானார். அவரிடம் அருகிலிருந்து கற்றுக்கொள்ள எண்ணியிருந்த இளம் மருத்துவர் தனித்து நின்றார். ஆனாலும் மனம் தளரவில்லை. வீட்டின் ஓர் அறையே மருத்துவமனை, அதில் ஒரே ஒரு கட்டில். வீட்டு வேலையிலிருந்த சலோமி என்ற பெண்ணே முதல் உதவியாளர். தொடக்கத்தில் தயங்கிய மக்கள் பிறகு திரள் திரளாக வந்தனர். இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் பேருக்குச் சிகிச்சை அளித்தார் என்பர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வர இயலாதவர்களை இவரே தேடிச் சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில் மரத்தடிகளிலேயே வைத்தியசாலை நடத்தினார். முதலில் வண்டியிலும், 1909 முதல் மோட்டார் காரிலும் சென்றார். புண்ணைக் கழுவிக் கட்டவும், கண்ணுக்கு மருந்திடவும், பல் பிடுங்கவும் அந்த மர நிழலே போதுமானதாக இருந்தது.

ஒருவர் போதாது

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. எவ்வளவு உழைத்தாலும் தாம் ஒருவரே என்பதை ஐடா அம்மையார் உணர்ந்தார். தம் இரு கைகள் போதா என்றால் பிற கைகளைப் பழக்க வேண்டும் அல்லவா? 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்றார்.

சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவர், "மூன்று விண்ணப்பம் வந்தாலே உங்கள் அதிர்ஷ்டம்" என்றாராம். ஆனால் எதிர்பார்த்ததற்கும் பன்மடங்கு மேலாக விண்ணப்பங்கள் குவிந்தன. 1918 ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஆளுநர் பென்ட்லண்டு பிரபு பள்ளியைத் தொடங்கி வைத்தார். ஒரு நுண்ணோக்கியும் எலும்பும் சில புத்தகங்களும் கையிருப்பு. மற்றவை அம்மையாரின் உழைப்பு. அந்த முதல் அணியில் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினர். 1922-இல் படிப்பு முடித்து அவர்கள் வெளிவந்தபோது, ஒரு டாக்டரம்மா பதினைந்து டாக்டரம்மாக்கள் ஆனார்!

அக்காலத்தில் பூட்டியிருந்த கதவு இது ஒன்றுமட்டும் அன்று. நம் திருச்சபையிலும் கன்னியர் பேறுகால மருத்துவம் பார்க்கத் தடை இருந்தது. 1936-இல்தான் ரோமாபுரி அதை நீக்கியது. ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-இல் குண்டூர் வந்து துறவியாகி, தனி அனுமதி பெற்று மருத்துவத் தொண்டாற்றினார். கும்மிடிப்பூண்டி வழியே வடக்கே ஓடும் ரயில்கள் செல்லும் ஆந்திர நாட்டில்தான் அந்தக் குண்டூர் உள்ளது.

முதுமையிலும் ஓயவில்லை

1928-இல் காந்தியடிகள் வேலூர் மருத்துவப் பள்ளிக்கு வருகை தந்தார். பாகாயம் மலையடிவாரத்தில் புதிய வளாகம் எழுந்தது. அப்போது பெரும் சோதனை ஒன்று வந்தது. பழைய மருத்துவப் பள்ளிச் சான்றிதழ் இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே வேண்டும் என்று 1930-களின் இறுதியில் அரசு முடிவு செய்தது. அதற்குப் பேராசிரியர்களும் கட்டடங்களும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. எழுபது வயதைக் கடந்த அம்மையார் அமெரிக்கா சென்று, போர்க்காலத்திலும் ஊர் ஊராகச் சுற்றி நிதி திரட்டினார். பல சபையினரையும் ஒன்று சேர்க்க, ஆடவரையும் சேர்க்கும் கல்லூரியாக மாற்றச் சம்மதித்தார். பெண்களுக்கென்றே தாம் கட்டியதைப் பொதுவாக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்குமா? ஆயினும் கல்லூரி நிலைக்க வேண்டும் என்பதே பெரிதாகப் பட்டது. 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947-இல் மாணவர்களும் சேர்ந்தனர்.

1946-இல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்தார். இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் தம் நிறுவனத்தை இயக்குநராக நடத்துவதைக் கண்ணாரக் கண்டார். 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம்கூட அவர் கைக்குச் சரியாக வந்து சேர்ந்ததாம்! 1960 மே மாதம், 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் நட்ட மரம் பட்டுப்போகவில்லை. அங்கே பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி, இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தையும் உருவாக்கினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-இல் வேலூரில்தான் நடந்தது.

நாம் கற்க வேண்டியது

தோழியரே, ஐடா அம்மையார் பிறவியிலேயே தியாகி அல்லர். நம்மைப்போலவே குறும்பு செய்தவர், வேண்டாம் என்று மறுத்தவர். தம் வாசலில் கேட்ட குரலுக்கு அவர் செவி சாய்த்தார். தாம் ஒருவராக நின்றுவிடாமல் பலரை உருவாக்கினார். அவர் பெருமை இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது என்று எண்ணுகிறேன்.

அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. சீக்கிரம் வேலை கிடைக்கும் படிப்பு போதும் என்று உறவினர் சொல்கின்றனர். செலவை நினைத்து அப்பா மௌனமாக இருந்தார். நான் உயிரியல் பிரிவு கேட்டேன். அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது. நான் மருத்துவராவேனா, செவிலியாவேனா என்பதும் இறைவன் சித்தம். ஆனால் அன்று பாட்டிதான் பேசினார்: "அவ படிக்கட்டும்பா. எந்த வீட்டுல எந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்காளோ!"

ரயிலில் பாட்டி முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அன்றுதான் முடித்தார் என்று எனக்குத் தோன்றியது. அதை மெய்யாக்கும் பொறுப்பு இனி என்னுடையது. உங்களுடையதும் அல்லவா?