ஸ்டீரியோ ஏன் உறுமுகிறது?

பாட்டுக் கேட்கலாம் என்று ஸ்டீரியோவின் சுவிட்சைப் போடுகிறீர்கள். பாட்டு வருவதற்கு முன்பே "ம்ம்ம்..." என்று ஓர் உறுமல் வருகிறது. வேறொரு நாள் இடப் பக்கத்து ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. இன்னொரு நாள் எல்லாம் பாடுகின்றன. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓட வேண்டாம். காதும் கொஞ்சம் இயற்பியலும் இருந்தால், ஸ்குரூ டிரைவரைத் தொடாமலேயே நோய் எந்த இடத்தில் என்று கண்டுவிடலாம்.

ஒரு பக்கம் ஊமையானால், ஸ்டீரியோ இரட்டைப் பிறவி என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று நோயாளி என்றால் மற்றது ஒப்பிட்டுப் பார்க்க உதவும் உடன்பிறப்பு. சுவிட்சை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிபயரின் பின்புறம் வந்து சேரும் இட, வல பிளக்குகளை இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைத்தனம் மறுபக்கத்துக்குத் தாவினால் குற்றம் பாட்டைத் தரும் கருவியிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. தாவாமல் நின்றால் ஆம்ப்ளிபயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. அப்போது ஸ்பீக்கர் ஒயர்களை அதேபோல் மாற்றிப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். பல சமயம் பிளக்கில் படிந்த களிம்புதான் காரணமாக இருக்கும். நாலு முறை செருகி எடுத்தாலே போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன் பேலன்ஸ் குமிழைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, அது ஒரு கோடிக்குத் திருப்பப்பட்டிருந்ததைக் கண்டு அசடு வழிந்தவன் நான். எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

தொப்பி ஒலி மறைவது இதைவிடச் சுவையான கதை. இரு ஸ்பீக்கர்களின் கூம்புகளும் ஒரே நேரத்தில் முன்னே வந்து, ஒரே நேரத்தில் பின்னே போக வேண்டும். நடுவில் பாடகர் நிற்பது போன்ற மாயத்தோற்றம் அதனால்தான் கிடைக்கிறது. 1931ஆம் ஆண்டிலேயே ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள தூரமோ இரண்டு மீட்டர்தான். ஆகவே இரண்டு அலைகளும் ஏறக்குறைய முழுவதும் எதிரெதிராகச் சந்தித்து அழிந்துவிடுகின்றன. 5000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான்; அங்கே ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்திலேயே வலுப்படும். அதனால் கீச்சொலி தப்பிக்கிறது, கனத்த ஒலி மடிகிறது. ஒரு ஸ்பீக்கரின் இரு ஒயர்களையும் மாற்றிப் பொருத்துங்கள். தொப்பி திரும்பி வந்தால் அதுவே சரி.

இனி உறுமலுக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆம்ப்ளிபயருக்குள் அதை நேர்மின்னோட்டமாக்கும்போது இரு அரைச் சுழற்சிகளும் பயன்படுவதால், மிச்சமாகும் அலைவு 100 ஹெர்ட்ஸ். இதை மட்டுப்படுத்தும் பெரிய மின்தேக்கிகள் வயதாகிக் காய்ந்துபோனால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ரீங்காரத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அதன் அடிப்படைச் சுருதியும் 100 ஹெர்ட்ஸ்தான். வெளியிலிருந்து கேபிள் வழியே நுழையும் உறுமல் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே, 50இல் இருக்கும். சுருதி பிடிபடாதவர்களுக்கு வேறு சோதனை உண்டு: ஒலியளவைப் பூஜ்யமாக்குங்கள். அப்போதும் உறுமினால் குற்றம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளே. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்; சுவிட்சை அணைத்த பின்னும் அந்த மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒலியளவோடு உறுமலும் கூடிக் குறைந்தால், அது வெளியிலிருந்து வருகிறது.

எப்படி வருகிறது? கம்ப்யூட்டரை ஆம்ப்ளிபயருடன் இணைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டுக்கும் மூன்று முனைப் பிளக்; இரண்டும் சுவரின் வழியே எர்த்துடன் சேர்கின்றன. நடுவிலுள்ள கேபிளின் கவச உறையும் இரண்டையும் இணைக்கிறது. ஆக, ஒரு முழு வளையம் உருவாகிவிட்டது. வெவ்வேறு சுவர்களில் உள்ள எர்த் முனைகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே போதும், கவசத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். ஆம்ப்ளிபயருக்கு எது இசை, எது உறுமல் என்று தெரியாது. இரண்டையும் பெருக்கித் தருகிறது.

என் நண்பர் வீட்டில் இதே தொல்லை. வந்த மெக்கானிக் ஆம்ப்ளிபயர் பிளக்கில் எர்த் ஒயரை வெட்டிவிட்டார். வளையம் அறுந்தது, உறுமல் நின்றது, நண்பருக்கு மகிழ்ச்சி. சில வாரம் கழித்துக் கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றினார்கள். அன்று வெறுங்காலுடன் பெட்டியைத் துடைத்த அவர் மனைவிக்குக் கையில் சுரீர் என்றது. அதுவரை அந்த உலோகப் பெட்டிக்கு எர்த்தாக இருந்தது கேபிளின் மெல்லிய கவசம் மட்டுமே. கேபிளைக் கழற்றியதும் அதுவும் போயிற்று. அன்று கசிந்தது சிறு மின்னோட்டம்தான். உள்ளே ஓர் ஒயரின் உறை தேய்ந்து பெட்டியைத் தொட்டிருந்தால் 230 வோல்ட் முழுவதும் அவர் கைக்கு வந்திருக்கும். எர்த் இருந்தால், அப்படிப்பட்ட நேரத்தில் பெரும் மின்னோட்டம் அதன் வழியே ஓடி பியூஸைப் போக்கிவிடும். பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பாருங்கள். செருகும்போது அதுவே முதலில் தொட வேண்டும், எடுக்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம்.

எர்த் ஒயரைத் திரும்பப் பொருத்தினோம். பிறகு கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிபயரையும் ஒரே பலகையில், பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டுகளில் செருகினோம். உறுமல் முக்கால்வாசி போயிற்று. மிச்சத்துக்கு ஒலிக் கேபிளின் நடுவே சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்த்தோம். அதில் இசை காந்தப் புலமாகத் தாவிச் செல்லும். எர்த்துக்கு எர்த் கம்பித் தொடர்பு கிடையாது. இப்போது அங்கே தம்புரா மட்டும்தான் ரீங்கரிக்கிறது.