கடிதம் போய்ச் சேர்ந்ததா?

இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கிறார்கள். பழைய நோய்கள், ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். மருத்துவமனை வைத்திருக்கும் பதிவேடு வேறு. உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒரு முதியவருக்கு, அவர் வழக்கமாகச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையை வார்டு மருத்துவர் நிறுத்திவைப்பது உண்டு. அந்தச் செய்தி குடும்ப மருத்துவரை எட்டாவிட்டால், பழைய பட்டியல்படியே மருந்துச்சீட்டு புதுப்பிக்கப்படும்; நிறுத்திய மாத்திரை மறுபடியும் அவர் கைக்கு வந்துவிடும். வார்டில் எடுத்த முடிவும் சரி, சீட்டைப் புதுப்பித்தவரும் தன் முன் இருந்த பட்டியலைத்தான் நம்பினார். ஆனாலும் நோயாளிக்குக் கேடு வருகிறது. ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டுசேர்ப்பது யாருடைய வேலை என்று வரையறுக்காததே இதற்குக் காரணம்.

இது எப்போதோ நேரும் பிழை அல்ல. 2007-இல் ‘ஜாமா’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில், இதுபற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை வந்தது. வீடு திரும்பிய நோயாளி முதன்முறை தன் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மருத்துவமனை எழுதி அனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரி அவர் மேசைக்கு வந்திருந்தது 12 முதல் 34 சதவீத நேரங்களில்தான். முடிவு வராமல் நின்ற பரிசோதனைகளைப் பற்றிய குறிப்பு பெரும்பாலான சம்மரிகளில் இல்லவே இல்லை. இங்கிலாந்தில் 2017-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இன்னும் கவலை தருவது. முகவரி மாறி வந்த மருத்துவக் கடிதங்களைச் சரியான குடும்ப மருத்துவருக்குத் திருப்பி அனுப்பும் பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். 2011 முதல் 2016 வரை ஏறத்தாழ 7,09,000 கடிதங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தேங்கிவிட்டன. அவற்றில் பரிசோதனை முடிவுகளும் சிகிச்சைத் திட்டங்களும் இருந்தன. அனுப்பிய மருத்துவமனைகளைப் பொறுத்தவரை அந்தக் கடிதங்கள் அனுப்பப்பட்டவையே.

எல்லாவற்றையும் கணினிமயமாக்கினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்து அதையும் செய்துபார்த்தது. 2002-இல் நாடு தழுவிய தேசியத் தகவல் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு விழுங்கிய அந்தத் திட்டத்தை 2011-இல் கலைக்க முடிவுசெய்தார்கள். 2018-இல் கணக்கெடுத்தபோது, மருத்துவமனைகளில் 8,000-க்கும் அதிகமான ஃபேக்ஸ் இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கணினி தேவைதான், கடிதம் தபாலில் தொலைவதை அது தடுக்கும். ஆனால் திரையில் வந்து விழுந்த கடிதத்தை ஒருவர் திறந்து படித்து, பழைய மருந்துப் பட்டியலைத் திருத்தினால்தான் பதிவேடு புதுப்பிக்கப்படும். அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை இங்கிலாந்து கண்டுபிடித்த இடம் தெருமுனை மருந்துக்கடை. 2021 பிப்ரவரியிலிருந்து, மருந்து மாற்றப்பட்ட நோயாளியின் விவரத்தை மருத்துவமனை நேராக அவருடைய மருந்தாளுநருக்கே அனுப்பலாம். மருந்தாளுநர் பழைய பட்டியலோடு புதியதை ஒப்பிடுவார். வீடு திரும்பிய பின் வரும் முதல் சீட்டில் நிறுத்திய மருந்து தலைகாட்டுகிறதா என்று பார்ப்பார். எதை, ஏன் மாற்றினார்கள் என்று நோயாளியிடம் பேசுவார். வழியில் பிழை நடந்தாலும், மாத்திரை கைக்குப் போகுமுன் அதைப் பிடிக்க ஒருவர் இருக்கிறார். மருத்துவமனையிலிருந்து அந்தத் தகவல் கிளம்பாவிட்டால் இந்த ஏற்பாடும் நின்றுவிடும் என்பது உண்மை. அதனாலேயே தகவல் அனுப்புவதை அந்தந்த வார்டு ஊழியரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், வீட்டுக்கு அனுப்பும் நடைமுறையின் ஒரு படியாகவே வைக்க வேண்டும்.

ஏற்கெனவே நேரமில்லாமல் திணறும் மருத்துவர்கள் மீது இது இன்னொரு சுமை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் வராத கடிதத்தைக் கேட்டுத் தொலைபேசியில் காத்திருப்பதும், எடுத்த ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுப்பதும் அதே மருத்துவர்களின் நேரத்தைத்தான் தின்கின்றன. நான்கு பக்கச் சம்மரி வேண்டாம். நிறுத்திய மருந்து, சேர்த்த மருந்து, காரணம், வரவேண்டிய பரிசோதனை முடிவு, அதைப் பார்க்கப்போகிறவர் பெயர் என்று ஐந்து வரி போதும். நோயாளிக்கும் பிரதி கொடுத்தால் அவர் பயந்துவிடுவார் என்பது இன்னொரு மறுப்பு. 2018-இல் பிரிட்டனின் மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், வெளிநோயாளர் பிரிவுக் கடிதங்களை நோயாளிக்கே புரியும் மொழியில் எழுதச் சொல்லியது. புரியாத சொற்களால் வரும் பயத்தை, புரியும்படி எழுதிப் போக்கலாம். தவறான பழைய குறிப்பை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவரும் நோயாளியே.

நம் ஊரில் இந்தப் பாலமாக இருப்பது பெரும்பாலும் நோயாளியின் கையிலுள்ள ஃபைல்தான். 2021-இல் இந்தியாவில் தேசிய அளவில் தொடங்கிய மின்னணுச் சுகாதாரத் திட்டம், அந்தக் காகிதங்களை 14 இலக்க அடையாள எண்ணோடு இணைக்க முயல்கிறது. எண் கொடுப்பதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு மருத்துவமனையிலும் தகவலை அனுப்பப்போகிறவர் யார், அடுத்த முனையில் அதைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தப்போகிறவர் யார் என்பதையும் இப்போதே எழுதிவைக்க வேண்டும். அந்த இரண்டு பெயர்கள் இருந்தால்தான், வார்டில் நிறுத்திய மாத்திரை வீட்டிலும் நிற்கும்.